எலுமிச்சை நசுக்கிய வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், காடுமேடு ஏறும் ஃபோர்வீல் வண்டியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆசைப்பட்டு ஓட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. மலாக்காவில், செலண்டாரில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு வீடுகளில் ஒரு சின்ன கார் நிற்கும் அளவுக்குத்தான் போர்ச் கட்டியிருக்கிறார்கள். இந்த வண்டி பாதி உள்ளே நிற்கும், மீதி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். குப்பை லோரிக்காரர் வாரம் தவறாமல் ஹாரன் அடித்து முறைத்துவிட்டுப் போவார். அதன் பின்கதவைச் சாத்துவதற்கே இடுப்பைக் கொடுத்துத் தள்ள வேண்டும். வாங்கியவர் என் வீட்டுக்காரர். சுங்கை ஊடாங்கில் ஒரு காண்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டியவர். இடுப்புயரச் சக்கரம் இல்லாத எதையும் அவர் வண்டி என்று ஒத்துக்கொண்டதில்லை. என் காரை சோப்பு டப்பா என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கை கால் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பார், சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். எனக்கு ஜாசினில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். நாள் முழுக்க ஊராருக்கு மாத்திரை கொடுப்பேன். சாயந்திரம் வந்து மறுபடியும் அவருக்கு மாத்திரை கொடுப்பேன். என்னைப் பொறுமைசாலி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. கத்துவதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அலுப்பிலெல்லாம் பெரிய அலுப்பு அந்த வண்டிச் சாவி. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த மாசம் ஓட்டுவேன்" என்பார். அடுத்த மாதம் வந்தால் அதற்கு அடுத்த மாதம். ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. எப்படியோ ஏறிவிட்டார், இறங்க முடியவில்லை. அன்றிலிருந்து சாவியை ஒளித்து வைக்க ஆரம்பித்தேன். உளுந்து டப்பாவில் ஒரு வாரம், தையல் மெஷின் டிராயரில் ஒரு வாரம், சாமி படத்துக்குப் பின்னால் ஒரு வாரம். பகலில் ஒற்றைக் கையால் தேடியிருக்கிறார் என்பது டப்பா மூடிகள் கோணலாக இருப்பதிலிருந்து தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "சாவி எங்க?" என்பார். "இருக்கு" என்பேன். எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் அதுதான்.

வண்டியை யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாம். தள்ள முடியாமல் போனதற்குக் காரணம் கல்லுமலை முனியாண்டி.

கல்லுமலை, எங்கள் இரண்டு பேர் வீட்டாரும் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய எஸ்டேட். இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. ஆட்களெல்லாம் செலண்டார், ஜாசின், சுங்கை ரம்பாய் என்று பிரிந்து வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் பழைய கல்லுடைக்கும் மலைக்கு மேலே நிற்கிறது. வருடத்தில் ஒரு நாள் பூசை. அன்றைக்கு எல்லாரும் மேலே போய்ப் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். நல்ல பாதை ஒன்று இருந்தது. செம்பனைக் குலை திருடுகிறவர்களைத் தடுக்க எஸ்டேட்டில் அதன் குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது கல்லு லோரி போன பழைய பாதை. அதில் மண்ணையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது வெறும் கல், அதுவும் அசையும் கல். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கல்லு வெட்டிய குழி, அதில் பச்சைத் தண்ணீர். ஆள் நடந்து ஏறலாம். அண்டா, அரிசி, தண்ணீர்த் தோம்பு, கேஸ் தோம்பு, ஜெனரேட்டர் எல்லாம் நடக்காது. அவற்றை ஏற்றிக்கொண்டு போக எங்கள் வண்டியை விட்டால் நாதியில்லை.

அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையடியில் சூலம் நட்ட கல் ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, கல்லின் முன்னால் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். எலுமிச்சை நசுக்கிய வண்டி மேலே போய் மணி அடிக்கும்வரை பின்னால் வரக் கூடாது. வண்டிக்குப் பின்னால் முனியாண்டியின் நாய் கூடவே ஏறி வருகிறதாம். ரிவர்ஸ் எடுத்தால் அதன் மேல் ஏறிவிடும். மேலே போனதும் பூசாரி மஞ்சள் கயிறு கட்டுவார். முதல் கயிறு வண்டி ஓட்டியவருக்கு, பிறகுதான் கோயில் தலைவருக்கே. என் வீட்டுக்காரர் ஓட்டிய காலம் முழுக்க ஒரு தடவைகூடப் பின்னால் எடுத்ததில்லை. கிரேன் வேலையில் அவருக்குக் கிடைத்த எந்தப் பாராட்டையும்விட இதைத்தான் அதிகம் சொல்லிக்காட்டுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் அண்டாக்களைத் தலையில் சுமந்து ஏறினார்களாம். அரிசியும் பருப்பும் போய்ச் சேர்வதற்குள் பசியில் சண்டையே வந்துவிட்டதாம். அதனால் இந்த வருடம் பூசைக்கு முன்னாலேயே கோயில் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். செலண்டாரில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு சாங்கியம் கையில் வைத்திருப்பார்.

"வண்டி ஓடுது தானே தங்கச்சி?" என்று கேட்டார்.

"வண்டி ஓடும், அண்ணே. ஓட்டத்தான் ஆள் இல்ல."

"நீ கார் ஓட்டுறியே. அதுவும் அதே மாதிரிதான் லா. நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங்."

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுத்தால் அவர் இன்னொரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். இந்தப் பூசையோடு வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைக்குள் போகும் செம்மண் சாலையில் ஓட்டிப் பழகினேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். பெரிய கியர் குச்சிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு குச்சி. அதைப் போட்டால் வண்டி ஆமை மாதிரி நகரும், ஆனால் சுவரையும் ஏறும் என்பார். கல்லு மேல் ஏறும்போது கிளட்சை மிதிக்கக் கூடாது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடக் கூடாது, கல்லில் மோதி ஸ்டியரிங் திரும்பினால் விரல் போய்விடும். ஹேண்ட்பிரேக்கை நம்பக் கூடாது, அது சமதரையில்தான் பிடிக்கும். வாய் குழறுகிறவர் இவ்வளவையும் குழறாமல் சொன்னார். எனக்கோ மறுநாள் கிளினிக்கில் மருந்துப் புட்டியைத் திறக்கக் கை வராது, தோளெல்லாம் அப்படி வலிக்கும்.

பூசையன்று காலையில் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு மலையடிக்குப் போனோம். வண்டி முழுக்கப் பாரம், முன்னால் நானும் அவரும் மட்டும். மற்றவர்கள் சூலக்கல்லுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். புதுச் சட்டை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் அவர். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தலைவர் சுருட்டைப் பற்றவைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்தார். நான் குட்டைக் குச்சியில் கை வைத்தேன்.

"எறங்கு" என்றார் அவர்.

"எதுக்குங்க?"

"நான் ஓட்டுறேன். இங்கேருந்து... நான்."

ஜன்னல் பக்கம் நின்ற தலைவர் சொன்னார், "போன வாரமே போன்ல சொல்லிட்டாரு தங்கச்சி. நீ கீழ வரைக்கும்தான், மேல தம்பிதான் ஏத்துவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

அப்போதுதான் புதுச் சட்டை எதற்கு என்று புரிந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வண்டி மலையடி வரைக்கும் வந்து சேர்வதற்குத்தான். அவர் இந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம். விடியுமுன் எழுந்து அண்டா தூக்கியவள் நான்.

"எந்தக் கால வச்சு பிரேக் மிதிப்பீங்க?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்டிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் குரல் வந்தது.

அவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே நின்றவர்கள் சட்டென்று ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். நான் கிளட்சை விட்டேன். எலுமிச்சைகள் நசுங்கின, வண்டி ஏறத் தொடங்கியது.

ஏறுவது என்றால் உட்கார்ந்துகொண்டே அடி வாங்குவது. ஒரு சக்கரம் கல்லு மேல் ஏறும், இன்னொன்று பள்ளத்தில் விழும், பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அவர் இடது கையால் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தார். கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் முதல் பெரிய கல்லு வந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"எடது. இன்னும் எடது. கல்லு நடுவுல விடாத... சக்கரத்த அது மேல ஏத்து. பெலான் பெலான், மெதுவா."

ஏற்றினேன். வண்டி முனகிக்கொண்டு ஏறி இறங்கியது. மற்றவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள், தலைவர் எலுமிச்சைப் பையோடு எல்லாருக்கும் முன்னால். வெயில் ஏறிவிட்டது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு வேறு பக்தி எதுவும் இல்லை.

குழிக்குப் பக்கத்தில் பாதை வளையும் இடத்தில், போன மழையில் மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு வந்து கிடந்தது. வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்று நான் தடுமாறியதில் முன்சக்கரம் பாறைக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. மிதித்தால் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ரப்பர் கருகும் வாடை வந்தது.

"பின்னால எடு" என்றார் அவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்களா சொல்றீங்க?"

"வேற வழி இல்ல. எடு."

ரிவர்ஸ் போட்டேன். பின்விளக்கைப் பார்த்ததுமே தலைவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "பின்னால வராத தங்கச்சி, நாய் நிக்குது." அதற்குள் ஒரு முழம் பின்னால் வந்து நிறுத்திவிட்டேன். ஆட்கள் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்தார்கள். கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பாறையின் எந்தப் பக்கம் சக்கரத்தை விடலாம் என்று பார்ப்பதற்காக இறங்கி முன்னால் போனேன்.

தலைவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒரு கழிப்பு கழிச்சிட்டுத்தான் ஏறணும். புதுசா எலுமிச்ச வைக்கணும்" என்றார்.

"வைங்க அண்ணே. சீக்கிரம் வைங்க."

அவர் எலுமிச்சையோடு பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். சக்கரத்தில் ஒட்டினாற்போல வைக்க வேண்டிய இடத்தில் முட்டுக்கல் இருந்தது. சாமி காரியத்துக்குக் கல்லு குறுக்கே நிற்கலாமா? காலால் தள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சையைப் பக்தியோடு வைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பார்த்தது ஒரே ஒரு முகத்தைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரர் முகம் என்னை விட்டு மெதுவாகப் பின்னால் போனது.

எலுமிச்சை நசுங்கிவிட்டது. இன்னொரு பக்கத்துக் கல்லு உருண்டுவிட்டது. அவ்வளவு பாரத்தோடு வண்டி குழிப் பக்கமாக இறங்கியது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை, வண்டியின் முன்கம்பியைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறார்கள். அத்தனை பெரிய வண்டியை நான் இழுத்து நிறுத்தப் பார்த்தேனாம். அவர் முகம் கண்ணாடியிலிருந்து மறைந்தது. பிறகு வண்டி ஒரு தடவை உதறிக்கொண்டு நின்றது. பின்சக்கரத்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் இடம்தான் இருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் என் சீட்டுப் பக்கமாகச் சரிந்து கிடந்தார். இடது கையைக் குறுக்கே போட்டு ஹேண்ட்பிரேக்கைக் கடைசிவரை இழுத்துப் பிடித்திருந்தார். தோளை டாஷ்போர்டில் முட்டுக் கொடுத்திருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். "விடுங்க, நான் மிதிச்சிட்டேன்" என்றேன். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.

வெளியே தலைவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். "முனியாண்டிதான் காப்பாத்தினாரு" என்றார்.

"அந்தக் கல்ல எடுத்ததும் முனியாண்டிதானா அண்ணே?" என்று கேட்டேன். அவர் பையோடு பின்னால் நகர்ந்து போனார்.

மற்றவர்கள் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு, ஒத்தக் கையால வண்டிய நிறுத்திட்டாரு, அண்ணன் அண்ணன்தான், பழைய டிரைவர் லா, என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கால் வரல."

"என்னங்க?"

"மொதல்ல... காலத்தான் பிரேக்ல வைக்கப் பார்த்தேன். தூக்குனேன். வரவே இல்ல."

கீழே எல்லார் முன்னாலும் நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அந்தக் கேள்வியை நான் கேட்காமலே இருந்திருக்கலாம். அழுவதற்கு நேரமில்லை, காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது. குட்டைக் குச்சியைப் போட்டேன். பாறைக்கு வலது பக்கம் மண்மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி, வண்டி சாய்ந்தபடியே கடந்து போனோம். அவர் அதற்கப்புறம் இடது வலது எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டபோதுகூட, "நீயே பாத்துப் போ" என்றார்.

மேலே மணி அடித்தார்கள். பொங்கல் வைத்தார்கள், சேவல் அறுத்தார்கள், ஜெனரேட்டர் மக்கர் பண்ணிப் பிறகு ஓடியது. பூசை முடிந்ததும் பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் நேராக அவரிடம்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கையை எடுத்தார். அந்தக் கை பூசாரியின் கையில் துணி மாதிரி கிடந்தது. அவர் இடது கையால் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்குக் கட்டுங்க. ஓட்டுனவங்களுக்குத்தானே மொதல்ல" என்றார்.

பூசாரி என் இடது கையில் கட்டினார். ஒரு பெண்ணுக்கு முதல் கயிறு கட்டியது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவை என்று தலைவர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. பசி வந்தது. வாழை இலையில் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினேன், பிறகு நானும் சாப்பிட்டேன்.

இறங்கும்போது யாரும் எலுமிச்சை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வண்டியைப் பாதி போர்ச்சிலும் பாதி தெருவிலும் நிறுத்திவிட்டு, அவரை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். பழக்க தோஷம், சாவியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். உளுந்து டப்பாவைத் திறக்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஆணியிலயே மாட்டு" என்றார். "எதுக்கு இனிமே ஒளிச்சிக்கிட்டு."

முன்னாலெல்லாம் சாவி தொங்கிய ஆணி அது, கூடத்துச் சுவரில், அவர் நாற்காலிக்கு மேலே. மாட்டினேன். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, டிவியைப் போடச் சொன்னார்.

வண்டியை நான் இன்னும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரி இறங்காமல் இருக்க இஞ்சினை ஓடவிடுகிறேன். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வருவார், இஞ்சின் சரியில்லை, டீசல் சரியில்லை என்று ஏதாவது சொல்வார். இப்போது வருவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் சாவி எங்கே என்று கேட்பதும் இல்லை. அந்தக் கேள்வி நின்றால் எனக்குப் பாதி அலுப்புத் தீரும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, இன்றைக்காவது கேட்பாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாவி ஆணியில்தான் தொங்குகிறது. நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் எட்டும். இடது கையே போதும்.